பேரேட்டில் ஒளிந்த பாட்டி

ஒரு பேச்சுக்கு, நீங்கள் ஓர் இங்கிலாந்துக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது ஐம்பது சொச்சம். அப்பா காலமாகிவிட்டார். அவருடைய டிரங்குப் பெட்டியை ஒழிக்கிறீர்கள். அடியில் பழுப்பேறிய ஒரு காகிதம். தத்துச் சான்றிதழ். வருடம் 1936.

அப்படியானால் உங்களைத் தூக்கிக் கொஞ்சிய பாட்டி, பாட்டி இல்லையா? பாட்டிதான், அதிலென்ன சந்தேகம். ஆனால் அப்பாவைப் பெற்றவள் என்று ஒருத்தி இருந்திருக்கிறாளே. யார் அவள்?

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1926 வரை தத்துக்கென்று ஒரு சட்டமே கிடையாது. பிள்ளையைக் கொடுத்தால் கொடுத்ததுதான். 1927 ஜனவரி 1 முதல் கோர்ட் உத்தரவு வந்தது. தத்துப் பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடும் வந்தது. பிறந்த விவரம் ஒரு பேரேட்டில், தத்துப்போன விவரம் இன்னொன்றில். இரண்டையும் இணைக்கிற குறிப்பு மட்டும் ரகசியம். நான் பி.காம். படித்தவன். ஃபோலியோ நம்பர் இல்லாத லெட்ஜரைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். இவர்கள் அதை வேண்டுமென்றே செய்தார்கள். கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவளை அன்றைக்கு ஊர் என்னவெல்லாம் சொல்லும்? அதிலிருந்து அவளைக் காப்பாற்ற வேண்டும். வளர்க்கிறவர்கள் வீட்டு வாசலில் நாளைக்கு அவள் வந்து நிற்காமலும் இருக்க வேண்டும்.

1975-இல் சட்டம் கொஞ்சம் இளகியது. தத்துப்போனவர் பதினெட்டு வயதுக்குமேல் தன் அசல் பிறப்புப் பதிவைக் கேட்டு வாங்கலாம். ஆனால் உங்கள் அப்பா கேட்கவில்லையே. கேட்காமலே போய்விட்டார். பேரப்பிள்ளை வந்து நிற்பான் என்று அந்தச் சட்டம் யோசிக்கவே இல்லை.

சரி, வேறு வழி?

இருக்கிறது. பிறப்புப் பதிவுகளின் அட்டவணையை யாரும் புரட்டலாம். 1911 செப்டம்பர் காலாண்டு முதல் அதில் குழந்தையின் குடும்பப் பெயருக்குப் பக்கத்திலேயே அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரையும் போட்டார்கள். இரண்டும் ஒன்றாகவே இருந்தால்? பெரும்பாலும் அப்பா பெயர் கட்டம் காலி என்று அர்த்தம். அப்பா பிறந்த காலாண்டு, ஊர், இந்த இரட்டைப் பெயர் மூன்றையும் வைத்துச் சலித்தால் பத்திருபது பெயர்களாவது தேறும்.

அந்தப் பெண்கள் அப்புறம் என்ன ஆனார்கள்? மக்கள்தொகைக் கணக்கைப் பார்க்கலாமே என்பீர்கள். 1921 கணக்கில் பாட்டியே ஒரு குழந்தை. 1931 கணக்கு 1942 டிசம்பரில் மொத்தமாக எரிந்துபோனது. ஜெர்மானியர் குண்டுகூட இல்லை, கிடங்கில் தீ விபத்து. 1941-இல் யுத்தம், கணக்கே எடுக்கவில்லை.

மிஞ்சியது 1939 செப்டம்பர் 29 அன்று, அடையாள அட்டை கொடுப்பதற்காக வீடு வீடாக எழுதிய ஒரே ஒரு பதிவேடு. அதைப் பிற்பாடு தேசிய சுகாதாரத் துறை 1991 வரை வைத்துப் புழங்கியது. அதனால் பெண்களுக்குக் கல்யாணமானதும் பழைய குடும்பப் பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை மேலே எழுதினார்கள். எவனோ ஒரு குமாஸ்தா கிறுக்கியது. காணாமல் போன எத்தனையோ பாட்டிகளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது அந்தக் கிறுக்கல்தான்.

தாத்தா? அவருக்குக் காகிதமே இல்லை. உங்கள் எச்சிலைக் குழாயில் துப்பி மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டியதுதான். உங்களுக்குள் அவர் பங்கு சுமார் கால்வாசி.

2014 அக்டோபரில்தான் பேரப்பிள்ளைகளுக்குச் சட்டப்படி ஒரு கதவு திறந்தது. அதுவும் நேரே நுழைய முடியாது. அங்கீகாரம் பெற்ற ஓர் இடைத்தரகு அமைப்பு உங்களுக்காகத் தேடும். ஆள் கிடைத்தால் முதலில் அவரிடம்தான் கேட்கும். அவர் சம்மதிக்காமல் பெயரோ விலாசமோ உங்களிடம் வராது. 1936-இல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு அது.

பாட்டி இன்றைக்கு இருந்தால் நூறு வயது தாண்டியிருக்கும். அதனால் அநேகமாகக் கதவைத் திறப்பது அவளுடைய மகளாக இருப்பார். எழுபத்தைந்து வயதில், கையில் அந்தக் கடிதத்தோடு, தனக்கு ஓர் அண்ணன் இருந்தான், செத்தும் போய்விட்டான் என்பதை அப்போதுதான் தெரிந்துகொள்கிறார். பதில் சொல்ல வேண்டியது அவர்.