ஆயிரம் மீட்டர் கோடும் பழவேற்காட்டுச் சேறும்

இன்னைக்குப் பழவேற்காடு போகலாம். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். வார இறுதியில் பைக்கில் போய், டச்சுக்காரர்களின் கல்லறையில் போட்டோ எடுத்து, இறால் வறுவல் சாப்பிட்டு வந்தவங்க உங்களில் நிறைய பேர் இருப்பீங்க. நான் பேசப்போறது 1613-ல் டச்சுக்காரர்கள் கட்டிய கெல்ட்ரியா கோட்டையைப் பற்றி இல்லை. அந்த இறாலைப் பற்றி.

பழவேற்காடு, ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. இங்குள்ள மீனவர்களிடம் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில் இன்னைக்கு யார் வலை போடுவது என்பதை ஊர் முறைவைத்துப் பிரித்துக்கொடுக்கும். ஏரி யாருக்கும் தனிச்சொத்து இல்லை, ஆனால் எல்லோருக்கும் பங்கு உண்டு. அதுதான் இதன் அடிப்படை.

1990-களில் இதற்கு நேர் எதிரான ஒன்று கரைக்கு வந்தது. ஏற்றுமதிக்கான இறால் பண்ணை. தனியார் நிலத்தில் குளம் வெட்டி, தீவனமும் மருந்தும் போட்டு, கழிவுநீரைக் கழிமுகத்தில் விட்டார்கள். காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1996 டிசம்பர் 11-ல் தீர்ப்பு வந்தது. சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளைச் சுற்றி 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணைத் தொழில் கூடாது, இருப்பவற்றை 1997 மார்ச் 31-க்குள் இடித்துவிட வேண்டும் என்றது நீதிமன்றம். பிறகு 2005-ல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் கொண்டுவந்தது. கடலோரப் பண்ணைகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் ஆணையம் அதன்கீழ் இயங்குகிறது.

அந்தத் தீர்ப்பு குளத்திலிருந்து ஏரிக்குப் போகும் அழுக்கைப் பார்த்தது. எதிர்த்திசையில், தண்ணீர் வழியாகக் குளத்துக்குள்ளே என்ன வருகிறது? அதைத் தேட நாம கொஞ்சம் தெற்கே, எண்ணூருக்குப் போகணும்.

எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல் ஓடத் தொடங்கியது. 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையமும் சேர்ந்துகொண்டது. நிலக்கரிச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் அனுப்புவார்கள். குழாய் கசிந்து சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. சாம்பலில் ஆர்சனிக், காட்மியம், ஈயம், பாதரசம் எல்லாம் சிறு அளவில் உண்டு. அந்த எண்ணூர்க் கழிமுகத்தையும் பழவேற்காட்டையும் இணைப்பது பக்கிங்காம் கால்வாய். பத்தொன்பதாம் நூற்றாண்டில் படகுப் போக்குவரத்துக்காக வெட்டிய பாதை. 2022-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ஆற்றைச் சீர்செய்யும் பொறுப்பை மின்வாரியத்தின் மேல் வைத்தது.

சரி, சேற்றில் உலோகம் இருந்தால் மீனுக்குள் எப்படிப் போகும்? இங்கேதான் அமிலம் வருது. உவர்நீரின் பிஎச் பொதுவாக 8-ஐ ஒட்டி இருக்கும். அந்த நிலையில் பெரும்பாலான உலோகங்கள் சேற்றோடு ஒட்டிக்கிடக்கும். பிஎச் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. அப்போது உலோகம் கரைந்து தண்ணீருக்கு வருகிறது.

உவர்நீரில் அமிலம் எங்கிருந்து வரும்? அலையாத்திக் காட்டுச் சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் இருக்கும். தண்ணீருக்கடியில் கிடக்கும்வரை பிரச்சினை இல்லை. குளம் வெட்டி அந்த மண்ணைக் கரையில் குவித்தால், காற்று பட்டு கந்தக அமிலமாகிறது. முதல் மழை அதைக் கழுவிக் குளத்துக்குள் இறக்கிவிடும். குட்டநாட்டிலும் மீகாங் டெல்டாவிலும் விவசாயிகளுக்கு இது பழைய தலைவலி. இப்படிப்பட்ட மண்ணில் குளம் போடுகிறவர்கள் சுண்ணாம்பு தெளிப்பது இதனால்தான்.

ஏரியில் இருக்கும் மடவை தண்ணீர் பிடிக்கவில்லையென்றால் வேறு பக்கம் நீந்திப் போகும். குளத்து மீனுக்கு அந்த வழி இல்லை, அறுவடை வரைக்கும் அதே தண்ணீரைத்தான் செவுள் வழியாக இழுக்கும். காட்மியம் கால்சியம் போலவே நடித்து உள்ளே நுழைகிறது. அது அதிகம் சேர்வது ஈரலிலும் சிறுநீரகத்திலும். இறாலில் என்றால் தலைப்பகுதியில். பாதரசம் மட்டும் சதையிலேயே தங்கும். எவ்வளவு வேகவைத்தாலும் போகாது.

இதைக் கேட்டுட்டு யாரும் பழவேற்காட்டு மீனை வேண்டாம்னு சொல்லிடாதீங்க. அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் முதலில் விலை விழுவது பாட்டுக்குக் காத்திருந்து வலை போடுகிறவருக்கும், ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் பெண்களுக்கும்தான். சாம்பலைக் கொட்டியது அவங்க இல்லை.

1996-ல் அளந்தது தூரத்தை. இப்போ அளக்க வேண்டியது தண்ணீரை. ஒவ்வொரு பண்ணையிலும் மழைக்கு முன்னும் பின்னும் பிஎச் என்ன, சேற்றிலும் மீனிலும் உலோகம் எவ்வளவு என்று சோதித்து, முடிவை ஊர்ப் பஞ்சாயத்தில் தமிழில் ஒட்ட வேண்டும். பாடு முறை வைத்து ஏரியைப் பங்கிடத் தெரிந்த ஊர்களுக்கு அந்தக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. அந்த மீனைச் சாப்பிடுகிற நமக்கும் உண்டு.