மதுரைக்கு மேலே ஒரு குளிர்த் தோட்டம்

மதுரையில் ஃபேன் காற்றுகூட அனலாக அடிக்கிற மாதத்தில் பனிமலைச் செடிகளைப் பற்றிப் பதிவு போடுவது கொஞ்சம் ஓவர்தான். ஆனால் இந்தக் கதைக்கும் நம் ஊருக்கும் நெருங்கிய சொந்தம் இருக்கிறது. அதனால் பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

முதலில் ஆல்ப்பைன் செடி என்றால் என்ன? உயர்ந்த மலைகளில், மரங்கள் வளர முடியாத உயரத்துக்கும் மேலே வளரும் குட்டிச் செடிகள். குளிர்காலம் முழுக்கப் பனிக்கு அடியில் தூங்கும். பனி உருக ஆரம்பித்ததும், வேறு எதுவும் பூக்காத நேரத்தில், சட்டென்று பூத்துவிடும். நூறு வருடங்களுக்கு முன்னால் இங்கிலாந்தில் இவற்றை வளர்ப்பது பெரிய பைத்தியமாக இருந்தது. வீட்டுத் தோட்டத்தில் பாறைகளை அடுக்கி 'ராக் கார்டன்' போடுவார்கள். அபூர்வச் செடி தேடி இமயமலைக்கும் சீனாவுக்கும் ஆள் போவார்கள். ரெஜினால்ட் ஃபாரர் என்பவர் அப்படிச் செடி தேடப் போன இடத்தில், மேல் பர்மாவில், 1920இல் இறந்தே போனார்.

நம் பக்கத்தில் யாராவது குளிர்நாட்டுச் செடி வளர்க்கப் பார்த்தார்களா? பார்த்தார்கள். மதுரையிலிருந்து கிளம்பிப் போனவர்கள்தான் அவர்கள். இடம் கொடைக்கானல்.

அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தது 1834இல். வந்த சில வருடங்களிலேயே காய்ச்சலிலும் காலராவிலும் அவர்கள் குடும்பங்களில் சாவுகள் விழுந்தன. குளிர்ந்த இடம் தேடி முதலில் சிறுமலைக்குப் போய்ப் பார்த்தார்கள். அந்த உயரம் பத்தவில்லை, மலேரியா அங்கேயும் இருந்தது. பிறகு பழனி மலையின் உச்சிக்குப் போய் 1845இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். அதுதான் கொடைக்கானல் ஊரின் ஆரம்பம். அதற்கு முன்பே 1821இல் லெப்டினன்ட் வார்டு மலையைச் சர்வே செய்திருந்தார். 1836இல் தாவரவியலாளர் ராபர்ட் வைட் ஏறிப்போய்ச் செடிகளைக் குறித்துவிட்டு வந்தார். வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த மலை என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிக்காது. பளியர்கள் காட்டிலும், குன்னுவர்கள் பூம்பாறை, வில்பட்டி போன்ற ஊர்களிலும் எத்தனையோ காலமாக இருந்துவந்தார்கள்.

மதுரை கடல்மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர். ஒரு கிலோமீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் சூடு குறையும். ஆக மேலே போனவர்களுக்குச் சொந்த ஊருக்கே போன மாதிரி இருந்திருக்கும். ஊர் ஞாபகம் வந்தால் ஊர்ச் செடி ஞாபகமும் வரும்தானே? செடிகளைக் கப்பலில் கொண்டுவர 1830களிலிருந்து வார்டு பெட்டி என்ற கண்ணாடிப் பெட்டி இருந்தது. உள்ளே ஆவியாகும் தண்ணீர் திரும்ப மண்ணிலேயே சொட்டும், உப்புக்காற்று உள்ளே போகாது. (இந்த வார்டு வேறு, சர்வே வார்டு வேறு.) ஆனால் மலையேற்றம் லேசில்லை. 1875இல் ரயில் வந்த பிறகும் அம்மையநாயக்கனூரில், அதாவது இன்றைய கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, மலையடிவாரம் வரை மாட்டுவண்டி. அதற்கு மேலே ஒற்றையடிப் பாதை. மனிதர்களையே கூலியாட்கள் நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். மோட்டார் ரோடு 1910களின் நடுவில்தான் வந்தது.

1852இல் மேஜர் பார்ட்ரிட்ஜ் என்பவர் ஆஸ்திரேலிய நீலகிரி மரத்தை, நாம் தைலமரம் என்போமே, அதைக் கொண்டுவந்து நட்டார். மதுரை கலெக்டர் வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1908இல் மதுரையிலிருந்து போன வன அதிகாரி பிரையண்ட் போட்ட தோட்டம்தான் இன்றைய பிரையண்ட் பூங்கா. ரோஜா, டேலியா என்று எல்லாம் ஜோராக வந்தன.

அசல் ஆல்ப்பைன் செடிகளுக்கு மட்டும் இந்த இடம் தோதாக இல்லை. காரணம் சுவாரசியமானது. கொடைக்கானலில் குளிர் உண்டு, குளிர்காலம் கிடையாது. ஐரோப்பாவில் செடிக்கு மூன்று நான்கு மாதம் விடாமல் குளிர் வேண்டும். அந்தக் குளிர்தான் 'இனிமேல் பூக்கலாம்' என்று செடிக்குச் சொல்கிறது. இங்கே டிசம்பர், ஜனவரி ராத்திரியில் உறைபனி விழும், காலை பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். ராத்திரி குளிர்காலம், பகலில் கோடை! செடி எதை நம்பும்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மலை உச்சிப் புல்வெளிகளிலேயே ஆல்ப்பைன் குடும்பங்களின் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஜென்ஷியன் இருக்கிறது, விரல்நுனி அளவு நீலப்பூ. அனிமோன் இருக்கிறது. வெள்ளை லில்லி ஒன்று இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரமும் இருக்கிறது. காட்டுப்பூவரசு என்றும் சொல்வார்கள். இதன் நெருங்கிய உறவுகள் எல்லாம் இமயமலையில். நடுவில் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றும் இல்லை. பனியுகத்தில் சமவெளியும் குளிர்ந்திருந்தபோது தெற்கே பரவி, பிறகு சூடு ஏறியதும் மலை உச்சிகளில் மாட்டிக்கொண்டவை என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் 1915இலிருந்து நீலகிரி, பழனி மலை உச்சிகளின் செடிகளைப் படங்களோடு புத்தகமாகப் போட்டார். படங்களில் பல அவர் மனைவி வரைந்தவை.

புத்தகம் வந்தது, ஆனால் புல்வெளி போனது. வெட்டவெளியாகக் கிடக்கும் புல்லை வீண்நிலம் என்றே அரசாங்கம் பார்த்தது. விறகுக்கும், தோல் பதனிடவும், காகிதக் கூழுக்கும் என்று தைலமரம், வாட்டில், பைன் எல்லாம் நடப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகுதான் இது இன்னும் வேகமாக நடந்தது, வெள்ளைக்காரன் மேல் மட்டும் பழி போட முடியாது. 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று, பழனி மலைப் புல்வெளியில் பாதிக்கு மேல் காணாமல் போனதைக் காட்டியது. நம் கண்மாய்களில் சீமைக் கருவேலம் செய்ததை மேலே வாட்டில் செய்தது. அதன் நிழலில் ஜென்ஷியன் பிழைக்காது. மலையின் தெற்குச் சரிவிலிருந்து வரும் மஞ்சளாறு கடைசியில் நம் வைகையில்தான் சேர்கிறது. மேலே புல்லும் சோலையும் மழையைப் பிடித்து வைத்தால்தான் ஓடைகளில் தண்ணீர் இருக்கும்.

அழகுக்கும் லாபத்துக்கும் வளர்த்தவர்கள் ஒரு பக்கம் இருக்க, செண்பகனூரில் வேறு மாதிரி ஆட்கள் இருந்தார்கள். 1895இல் தொடங்கிய ஏசு சபைக் கல்லூரியில் பாதிரியார் கோம்பர்ட் மலையின் ஆர்க்கிட்களைச் சேர்த்து வளர்த்தார். ஆங்கிலாட் செடிகளை உட்கார்ந்து வண்ணப்படமாக வரைந்தார். ஃபோரோ பாசிகளைச் சேகரித்தார். பாசிக்காக ஒரு மனிதர் வாழ்நாளைக் கொடுத்திருக்கிறார், யோசித்துப் பாருங்கள். அந்த வரிசையில் வந்த கே.எம். மேத்யூ 1999இல் பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெரிய நூலை முடித்தார், 2004இல் காலமானார்.

உள்ளூர்ச் செடியை வளர்ப்பது ரோஜா வளர்ப்பது மாதிரி இல்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், உள்ளே சாப்பாடே கிடையாது. ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். குறிஞ்சியோ பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூத்து, விதை போட்டுச் செத்துவிடும். கைதவறினால் அடுத்த வாய்ப்புக்கு ஒரு மாமாங்கம் காத்திருக்க வேண்டும்!

1980களில் பிரிட்டனிலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிய பாப் ஸ்டூவர்ட், தான்யா பால்கர் இருவரும் அங்கே ஒரு நாற்றங்கால் போட்டு அபூர்வச் சோலைச் செடிகளை விதையிலிருந்து வளர்த்தார்கள். அவர்கள் கவனித்தது ஒன்று முக்கியமானது. வாட்டில் நிழலுக்கு அடியில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் தானாகவே முளைத்து வருகின்றன. அங்கே வாட்டிலை ஒட்டுமொத்தமாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் சேர்ந்து போகும். ஆனால் வெட்டாமல் விட்டால் புல்வெளி திரும்பாது, ஜென்ஷியனும் லில்லியும் திரும்பாது. எதைக் காப்பாற்றுவது என்று அங்கே இன்னும் சண்டை ஓயவில்லை. என்னைக் கேட்டால், கன்று முளைத்த இடத்தில் காட்டை விட்டுவிட்டு, புல் மிச்சமிருக்கும் ஓரங்களில் வாட்டிலைப் பிடுங்கலாம் என்பேன். பிடுங்கினாலும் அதன் விதை மண்ணில் பல பத்து வருடங்கள் உயிரோடு கிடக்கும். தீ பட்டாலோ வெயில் பட்டாலோ கூட்டமாக முளைக்கும். வருடா வருடம் ஆள் போய்க் களை எடுக்க வேண்டும். 2018இல் பூத்த குறிஞ்சியின் விதையில் முளைத்த செடிகள் அந்த ஓரங்களில்தான் 2030க்காக வளர்ந்துகொண்டிருக்கின்றன.