எழுத்தறியார்க்கு எழுத்தான சின்னங்கள்

சின்னம் என்பது தமிழர்க்குப் புதிதன்று. சேரர் வில்லையும், சோழர் புலியையும், பாண்டியர் கயலையும் தத்தம் இலச்சினையாகக் கொண்டிருந்தனர். கொடியில் எழுதிய உருவைக் கண்ட அளவில், ஓரெழுத்தும் அறியாத உழவனும் வருவது எவர் படையென்று உணர்ந்துகொண்டான். முடியுடை மூவர் மறைந்தனர். சின்னத்தின் ஆட்சி மறையவில்லை. இன்று சவுக்காரக் கட்டி முதல் தீப்பெட்டி வரை நம் இல்லத்துக்குள் வரும் பண்டம் ஒவ்வொன்றும் ஒரு படத்தைத் தாங்கியே வருகின்றது. ஆயினும், வணிகர் வகுத்த சின்னங்களினும் பன்மடங்கு பெரிய பொறுப்பைச் சில எளிய கோட்டோவியங்கள் நம் நாட்டில் ஏற்று நடத்தியுள்ளன. தேர்தல் சின்னங்களையே குறிக்கின்றோம். எக்கட்சியின் ஏற்றத்தையும் தாழ்வையும் பேசுவது நம் கருத்தன்று. ஒரு சிறு படம் ஒரு பெரு நாட்டின் மக்களாட்சியைத் தாங்கிய வரலாற்றைக் காண்பதே நம் நோக்கம்.

குடவோலையும் வாக்குப்பெட்டியும்

தேர்தல் என்றதும் தமிழர் உள்ளத்தில் எழுவது உத்தரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919ஆம் ஆண்டிலும் 921ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. 30 குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். போற்றத்தக்க முறையே. ஆயினும் நிலமும், மனையும், கல்வியும் உடையோர்க்கே அங்கு இடமிருந்தது. ஓலையில் எழுதப்பட்டது எழுத்து.

ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் விடுதலை பெற்ற இந்தியா மேற்கொண்ட வழி வேறு. 21 வயது நிரம்பிய ஆண் பெண் அனைவர்க்கும் வாக்குரிமை உண்டு என்று அரசியலமைப்பு விதித்தது. நிலம் உண்டா, கல்வி உண்டா என்ற கேள்வியே எழவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, நூற்றுக்குப் பதினெண்மரே எழுத்தறிந்தவர்; பெண்களுள் அத்தொகை நூற்றுக்கு ஒன்பதளவே. வாக்காளரோ ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம் பேர். வேட்பாளர் பெயரைப் படிக்க இயலாத கோடிக்கணக்கானோர் தம் விருப்பத்தைத் தாமே, பிறர் துணையின்றி, மறைவாகத் தெரிவிப்பது எவ்வாறு? முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முன் நின்ற வினா இது. பிறரைக் கொண்டு வாக்களித்தால் மறைவு கெடும். மறைவு கெட்டால் உரிமையே பொருளற்றுப் போகும்.

படமே விடையாயிற்று. 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதற் பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியின்மேல் அவர்தம் சின்னம் ஒட்டப்பட்டது. வாக்காளர் கையில் தந்த சீட்டில் வேட்பாளர் பெயருமில்லை, படமுமில்லை. திரைக்குப் பின் சென்று, தாம் விரும்பிய சின்னமுள்ள பெட்டியில் அச்சீட்டை இட வேண்டும், அவ்வளவே. படிக்கவும் வேண்டா, எழுதவும் வேண்டா.

காளையும் குடிசையும் விளக்கும்

எத்தகைய படங்களைத் தேர்ந்தெடுத்தனர் என்பதை நோக்கினால் அவற்றை வகுத்தோரின் நுண்ணறிவு புலனாகும். கண்டவுடன் அறியத்தக்கதாகவும், மற்றொன்றோடு மயங்காததாகவும், சிற்றூர் மக்கள் நாள்தோறும் காண்பதாகவும் அஃது இருத்தல் வேண்டும். சமயச் சார்புடைய உருவங்களும், நாட்டுக் கொடி போன்றவையும் விலக்கப்பட்டன. காங்கிரசுக்கு நுகம் பூட்டிய இரட்டைக்காளை, சோஷலிஸ்டுக் கட்சிக்கு மரம், கிசான் மஸ்தூர் பிரஜா கட்சிக்குக் குடிசை, பாரதிய ஜனசங்கத்துக்கு அகல்விளக்கு, பொதுவுடைமைக் கட்சிக்குக் கதிரும் அரிவாளும், அம்பேத்கரின் ஷெட்யூல்டு வகுப்பினர் கூட்டமைப்புக்கு யானை என்று சின்னங்கள் அமைந்தன. கன்னியாகுமரியிற் காண்பவனும் காஷ்மீரத்திற் காண்பவனும் காளையைக் காளையென்றே அறிவர். பல மொழி வழங்கும் நாட்டில் மொழிபெயர்க்க வேண்டாததொரு மொழி பிறந்தது.

இப்படங்களை வரைந்த கைகளை உலகம் பெரிதும் அறியாது. தேர்தல் ஆணையத்தில் வரைவாளராகப் பணியாற்றி 1992ஆம் ஆண்டில் ஓய்வு பெற்ற எம். எஸ். சேத்தி என்பார், சின்னங்கள் பலவற்றைப் பென்சிலால் வரைந்தவர். மிதிவண்டி, குடை, கைக்கடிகாரம் என அவர் வரைந்தவற்றுள் எதிலும் அலங்காரம் இல்லை. மங்கலான அச்சிலும், மட்டமான தாளிலும், முதிர்ந்த கண்ணுக்கும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அக்கலையின் இலக்கணம்.

பெட்டிக்கொரு சின்னம் என்ற முறையில் குறையும் இருந்தது. வேட்பாளர் பெருகப் பெட்டிகளும் பெருகின. மேலும், சீட்டைப் பெட்டியில் இடாமல் வெளியே கொணர்ந்து விடவும் வழி இருந்தது. ஆதலின் 1962ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலிற் பெரும்பாலான இடங்களில் ஒரே பெட்டியும், எல்லா வேட்பாளர் பெயரும் சின்னமும் அச்சிட்ட ஒரே சீட்டும் வந்தன. விரும்பிய சின்னத்தருகே முத்திரை குத்த வேண்டும். அம்முத்திரையின் வடிவிலும் ஒரு நுட்பம் உண்டு. வளைந்த நுனிகளையுடைய அக்குறுக்குக் குறி, சீட்டை மடிக்கும்போது எதிர்ப்புறத்திற் படிந்தால் இடம் வலம் மாறித் தோன்றும். எண்ணுவோர், குத்தியது எது, மடிப்பிற் படிந்தது எது என்று ஐயமின்றிப் பிரித்தறியலாம். ஒரு சிறு வடிவம் எத்தனை நல்ல வாக்குகள் செல்லாதவையாகாமற் காத்ததோ!

சின்னத்துக்கு நேர்ந்த வழக்குகள்

மக்கள் மனத்திற் பதிந்த சின்னம் பெருஞ்செல்வமாயிற்று. செல்வம் சேர்ந்த இடத்தில் வழக்கும் சேர்வது இயல்பன்றோ? 1968ஆம் ஆண்டில் தேர்தல் சின்னங்கள் பற்றிய ஆணை பிறந்தது. மறு ஆண்டே காங்கிரசு இரண்டாகப் பிரிந்தது. இரட்டைக்காளை இருவர்க்கும் இல்லாமற் போயிற்று. ஒரு பிரிவு பசுவும் கன்றும் கொண்டது. மற்றொரு பிரிவு இராட்டை நூற்கும் பெண்ணின் உருவைக் கொண்டது. 1978இல் மீண்டும் ஒரு பிளவு நேர, இந்திரா காந்தியின் காங்கிரசுக்குக் கை சின்னமாயிற்று. 1952இல் அக்கை ஃபார்வர்டு பிளாக்கின் ஒரு பிரிவுக்கு உரியதாய் இருந்ததை இன்று நினைவுகூர்வார் சிலரே.

தமிழகத்திலும் இந்நிலையைக் கண்டோம். 1973ஆம் ஆண்டுத் திண்டுக்கல் இடைத்தேர்தலில் அ.தி.மு.க. பெற்று வென்ற இரட்டை இலை, எம்.ஜி.ஆர். மறைந்தபின் முடக்கப்பட்டது. 1989ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் ஒரு பிரிவினர் சேவலிலும், மற்றொரு பிரிவினர் இரட்டைப் புறாவிலும் நின்றனர். பின்னர் இலை மீண்டது. 2017இலும் அது சில திங்கள் முடக்கப்பட்டு மீண்டது. இலையைக் கண்டு வாக்களித்துப் பழகிய முதியோர்க்கு அதனைக் காணாத சீட்டு, ஒரு பக்கம் கிழிக்கப்பட்ட நூல் போன்றதே.

சின்னம் அறியாத பெயர்

சின்னத்தாலும் தீராத குறை ஒன்று அம்முதல் தேர்தலில் இருந்தது. வடபுலத்து மகளிர் பலர் பட்டியல் எழுத வந்தோரிடம் தம் பெயரைக் கூற மறுத்து, 'இன்னாரின் தாய்', 'இன்னாரின் மனைவி' என்றே கூறினர். அங்ஙனம் எழுதப்பட்ட பதிவுகளைச் சுகுமார் சென் ஏற்கவில்லை. பெயரைத் தருமாறு காலம் நீட்டிக்கப்பட்ட பின்னரும், ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலினின்றும் நீக்கப்பட்டனர். எழுத்தறியாமைக்குச் சின்னம் மருந்தாயிற்று. பெயரின்மைக்கு அதனால் மருந்தாக இயலவில்லை. படம் வழிகாட்டும், வாயிலில் நம் பெயர் இருந்தாலன்றோ உள்ளே புகலாம்?

பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு நெருங்கியது. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு எழுபத்து நால்வர் ஆயினர். வாக்களிக்கும் வயதும் 1989 முதல் 18 ஆயிற்று. முத்திரைச் சீட்டின் இடத்தில் பொறி வந்துவிட்டது. பொத்தானை அழுத்தியபின் ஏழு நொடி தோன்றும் தாளிலும் சின்னம் விளங்குகின்றது. எழுத்தறிவு இத்துணைப் பெருகியபின் படம் எதற்கு என்பார் உளர். அவர்க்கு நம் காலனி வீடுகளே விடை கூறும். தமிழ் நூல்களை ஆழக் கற்ற பாட்டியார், மகனோடு வடநாட்டுக்கு வந்து வாக்குச்சாவடியில் நிற்கும்போது, அங்குள்ள எழுத்து அவருக்குப் புள்ளியும் கோடுமே. எழுத்து ஊருக்கு ஊர் மாறும். அதனை அறிந்தவரும் ஊர் மாறினால் அறியாதவர் ஆவார். சின்னம் மட்டுமே எல்லை கடந்து வந்து அவர் கைபிடித்து நிற்கின்றது. அவர் எவரையும் கேட்க வேண்டுவதில்லை. எவர்க்கும் தம் மனத்தைத் திறக்க வேண்டுவதில்லை.

எனவே, வீடு மாறிப் புதிய காலனிக்குக் குடிவந்தோர் எரிவாயு இணைப்புக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் காட்டும் விரைவை வாக்காளர் பட்டியலுக்கும் காட்டுவாராக. சிறப்பாக, நம் இல்லத்து மூதாட்டியர் பெயர், 'அம்மா' என்றும் 'பாட்டி' என்றும் வீட்டளவில் நின்றுவிடாமல், அவர்தம் சொந்தப் பெயராகவே அப்பட்டியலில் ஏறியுள்ளதா என்று காண்பது இளைஞர் கடன். ஏனையவற்றைச் சின்னம் பார்த்துக்கொள்ளும்.