தந்திரக் காட்சியும் திறந்த இலக்கணமும்

கலைஞன் கையாளும் கருவிகள் இருவகைப்படும். முன்னோர் செய்து தந்தவற்றை அப்படியே ஏற்றுக் கையாளுதல் ஒருவகை. தன் கருத்துக்கு அவை போதாதபோது தானே புதிதாகச் செய்துகொள்ளுதல் மற்றொரு வகை. தமிழ்ச் செய்யுள் மரபு இவ்விரண்டையும் அறியும். புதிய யாப்பில் புதியதாகத் தொடுக்கப்படுவதைத் தொல்காப்பியர் 'விருந்து' எனப் பெயரிட்டு, எண்வகை வனப்புகளுள் ஒன்றாக வைத்தார். புதியவற்றுக்கும் இலக்கணத்தில் ஓரிடம் ஒதுக்கியமையே அம்மரபின் பெருமை.

திரைப்படத்தின் தந்திரக் காட்சிகளுக்கும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. இன்று கணிப்பொறியில் படத்தொகுப்புச் செய்யும் ஒருவர், மென்பொருளில் இல்லாத காட்சி விளைவு ஒன்று தமக்குத் தேவைப்பட்டால், அதற்கான நிரலைத் தாமே எழுதி அம்மென்பொருளோடு பொருத்திக்கொள்ளலாம். இவ்வுரிமை அண்மைக் காலத்தது. இதற்கான வேட்கையோ திரைப்படத்தோடு உடன்பிறந்தது.

கறுப்புத் திரையின் கணக்கு

1895 டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் லூமியேர் சகோதரர்களின் படங்கள் கட்டணக் காட்சியாகக் காட்டப்பட்டபோது, பார்த்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் மெலியே. மாயவித்தை அரங்கு ஒன்றை நடத்திவந்தவர். அக்கருவியை விலைக்குக் கேட்டார். லூமியேர் குடும்பத்தார் தர மறுத்தனர். மெலியே இலண்டனில் ராபர்ட் பால் என்பவரிடம் படம் காட்டும் கருவி ஒன்றை வாங்கிவந்து, அதன் இயக்கத்தை ஆராய்ந்து, படம் பிடிக்கும் கருவியாக மாற்றியமைத்துக்கொண்டார். மூடிய கதவின்முன் நின்ற கலைஞன் தன் கருவியைத் தானே செய்துகொண்ட முதல் நிகழ்ச்சிகளுள் இஃது ஒன்று.

1898இல் அவர் எடுத்த குறும்படம் ஒன்றில், ஒருவர் தம் தலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார். கழுத்தில் புதிய தலை முளைக்கிறது. மும்முறை இவ்வாறு நிகழ்ந்து, நான்கு தலைகளும் ஒருங்கே காட்சி தருகின்றன. இதன் நுட்பம் எளியது. கறுப்பு, படச்சுருளில் பதிவதில்லை. ஆகவே கறுப்புத் திரையின்முன் எடுத்த படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் ஓட்டினால், முன்பு வெறுமையாக விடப்பட்ட இடத்தில் மற்றோர் உருவம் பதியும். கறுப்பு என்பது சுழி. சுழியோடு எதனைக் கூட்டினும் அதுவே எஞ்சும். எண்பதாண்டுகளுக்குப் பின் கணிப்பொறியினர் எழுதிய சூத்திரத்தின் விதை இக்கூட்டல் கணக்கிலேயே இருந்தது.

1923இல், வறுமையும் கசப்பும் மிகுந்த நிலையில், மெலியே தம்மிடமிருந்த படங்களின் மூலச்சுருள்களைத் தாமே தீயிட்டார். அவருடைய படங்களுள் பல பிழைத்திருப்பதற்குக் காரணம், அவற்றின் படிகள் பிறரிடம் சென்று சேர்ந்திருந்தமையே. அவருடைய உத்திகள் பிழைத்ததும் அவ்வாறே: கண்டவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

கைத்திறன் காலம்

அடுத்த அறுபதாண்டுகள் 'ஆப்டிகல் பிரிண்டர்' என்னும் எந்திரத்தின் காலம். படம் காட்டும் கருவியையும் படம் பிடிக்கும் கருவியையும் எதிரெதிரே நிறுத்தி, ஒரு சுருளிலிருந்து மற்றொரு சுருளுக்குக் கட்டம் கட்டமாகப் படியெடுக்கும் அமைப்பு அது. இடையில் மறைப்புகளை வைத்து ஒரு படத்தின் பகுதியை மற்றொன்றில் சேர்க்கலாம்; மங்கச் செய்யலாம்; பெரிதாக்கலாம். 'கிங் காங்' (1933), 'சிட்டிசன் கேன்' (1941) ஆகிய படங்களில் பணியாற்றிய லின்வுட் டன் இத்துறையின் பேராசான். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவரும் உடனுழைத்தோரும் வடிவமைத்த ஆக்மி-டன் எந்திரம் வரும் வரையில், ஒவ்வொரு படப்பிடிப்பு நிறுவனமும் தனக்கெனத் தானே கட்டிக்கொண்ட எந்திரத்தையே பெரிதும் நம்பியிருந்தது.

இக்காலத்தின் அறிவு கைகளில் வாழ்ந்தது. எவ்வளவு ஒளி, எந்த வடிகட்டி, எத்தனை முறை படியெடுத்தால் படம் சிதைந்து மணல்போல் தோன்றும் என்பனவற்றை நெடுநாள் பழகியவரே அறிவர். குருவிடமிருந்து மாணாக்கன் பெற்ற வித்தை, நிறுவனத்தின் சுவருக்குள்ளேயே பெரும்பாலும் நின்றுவிட்டது. 1990களில் கணிப்பொறி அவ்விடத்தைப் பிடித்தபோது எந்திரங்கள் ஓய்ந்தன. எழுதிவைக்கப்படாத நுட்பங்களும் அவற்றோடு ஓய்ந்தன.

நான்காவது எண்

கணிப்பொறியில் ஒரு படம் என்பது புள்ளிகளின் தொகுதி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். 1970களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஆல்வி ரே ஸ்மித், எட் கேட்மல் ஆகிய இருவரும் நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தனர். அப்புள்ளியை உருவம் எவ்வளவு மூடியிருக்கிறது என்பதை அவ்வெண் காட்டும். முழுதும் மூடினால் ஒன்று, வெறுமையாயின் சுழி, மயிரிழையின் விளிம்புபோல் பாதி மூடினால் அரை. அதற்கு 'ஆல்ஃபா' என்று பெயரிட்டனர். ஆப்டிகல் பிரிண்டரில் தனிச் சுருளாக ஓடிய மறைப்பு, படத்தின் உள்ளேயே குடிபுகுந்தது.

1984இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனத்தின் தாமஸ் போர்ட்டர், டாம் டஃப் ஆகியோர் இதற்கு முழுமையான இலக்கணம் வகுத்தனர். ஒரு படத்தின்மேல் மற்றொன்று, ஒன்றனுள் மற்றொன்று, ஒன்றனுக்கு வெளியே மற்றொன்று எனப் படங்களைச் சேர்க்கும் முறைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் சூத்திரம் தந்தனர். அவர்களுடைய நுண்ணிய முடிவு ஒன்று சிறப்பாகக் கருதத்தக்கது. வண்ண எண்களை ஆல்ஃபாவால் முன்கூட்டியே பெருக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே அது. அவ்வாறு வைத்தால், முன்படத்தோடு, பின்படத்தில் மறைபடாது எஞ்சும் பங்கைக் கூட்டினாலே போதும். மூன்று படங்களை அடுக்கும்போது எந்த இரண்டை முதலில் இணைத்தாலும் விடை மாறாது. பெருக்கியதை மறந்து மறுமுறையும் பெருக்கினால், உருவத்தைச் சுற்றிக் கரிய கோடு ஒன்று படியும். இன்றும் புதிதாக விளைவு எழுதுவோர் பலர் முதலில் இடறும் கல் இதுவே.

இவ்விலக்கணம் ஆய்வுக் கட்டுரையாக வெளியிடப்பட்டது. படித்தவர் எவரும் கையாளலாம் என்ற நிலை ஏற்பட்டது. 1996இல் நால்வருக்கும் ஆஸ்கர் கழகத்தின் அறிவியல், பொறியியல் விருது கிடைத்தது. ஆயினும் அதனினும் பெரிய சிறப்பு, இன்றைய படச்சேர்க்கை மென்பொருள்கள் அனைத்திலும் அவர்களுடைய கணக்கு இயங்கிவருவதே ஆகும்.

ஒழுங்கினுள் ஒழுங்கின்மை

'டிரான்' (1982) படத்துக்குப் பணியாற்றிய குழுக்களுள் ஒன்றில் இருந்தவர் கென் பெர்லின். கணிப்பொறி வரைந்த உருவங்களின் எந்திரத்தனமான வழவழப்பு அவருக்கு நிறைவு தரவில்லை. மேகம், பளிங்கு, தீ, நீர் ஆகியவற்றில் இயற்கை காட்டும் சீரற்ற தன்மையை எண்களால் எவ்வாறு தருவது? கண்டபடி எண்களை வீசினால் படம் இரைச்சலாகும். அடுத்த கட்டத்தில் வேறு எண்கள் வந்தால் காட்சி நடுங்கும்.

பெர்லின் கண்ட வழி இது: வெளியைச் சம இடைவெளிகொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மூலைக்கும் தற்போக்கான ஒரு சாய்வை அளித்து, இடைப்பட்ட இடங்களை மென்மையாக நிரவுதல். ஒரே இடத்தை எத்தனை முறை கேட்டாலும் ஒரே விடை வரும். ஆகவே மேகம் நடுங்காது. சிறியதும் பெரியதுமாகப் பல அளவுகளில் இதனை அடுக்கினால் பளிங்கின் வரியும் தீயின் நாவும் தோன்றும். கட்டளைக்கு உட்பட்டு நின்றும் வாசிப்பில் கட்டளை தெரியாத நல்ல செய்யுளை இது கவிஞர்களுக்கு நினைவூட்டக்கூடும்.

1985இல் அவர் இதனைக் கட்டுரையாக வெளியிட்டார், காப்புரிமை பெறவில்லை. உலகெங்கும் விளைவு எழுதுவோர் இதனை எடுத்தாண்டனர். 1997இல் அவருக்கும் ஆஸ்கர் கழகத்தின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. 2001இல் அவர் வகுத்த மேம்பட்ட முறையின் கதை வேறு. அதன் சில பயன்பாடுகளுக்குக் காப்புரிமை பெறப்பட்டது. பலர் அதனைத் தொடத் தயங்கினர். அதனைச் சுற்றிச் செல்லவே 2014இல் 'ஓப்பன் சிம்ப்ளெக்ஸ்' என்னும் மாற்று முறை ஒன்று பிறந்தது. 2022இல் காப்புரிமை காலாவதியாகும் வரையில் அத்தயக்கம் நீடித்தது. ஒருவர் மூளையில் உதித்த இரு முறைகளுள் திறந்து வைத்தது எளிதில் பரவியது. வேலியிட்டதன்முன் பலர் தயங்கி நின்றனர்.

செருகுநிரலின் வருகை

சூத்திரங்கள் வெளிவந்தாலும், அவற்றை வைத்துப் பார்க்க ஓரிடம் வேண்டும். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் ஆக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தபோது, பிறர் எழுதிய சிறு நிரல்களைச் செருகிக்கொள்ளும் வாய் அதில் இருந்தது. 1993இல் அமெரிக்காவின் பிராவிடென்ஸ் நகரிலிருந்து 'ஆஃப்டர் எஃபெக்ட்ஸ்' வெளிவந்தது. அசையும் படங்களுக்கான அம்மென்பொருளிலும், உடன் வரும் விளைவுகளுள் பெரும்பாலானவை வெளியார் எழுதுவனவற்றைப் போன்ற செருகுநிரல்களாகவே அமைந்தன. வீட்டார் புழங்கும் வாயிலே விருந்தினருக்கும் வாயிலாயிற்று.

இவ்வமைப்பில் வேலை பகிரப்படுகிறது. படத்தைத் திறத்தல், காலக்கோட்டில் வைத்தல், நகர்த்தும் குமிழ்களைக் காட்டுதல், அவற்றின் அளவு நேரத்தோடு மாறுவதைக் கணக்கிடுதல் ஆகிய அனைத்தும் மென்பொருளின் பொறுப்பு. விளைவு எழுதுபவருக்கு ஒரு கட்டமும், அதன் நேரமும், குமிழ்களின் அளவும் வந்து சேரும். அவர் மாற்றிய கட்டத்தைத் திருப்பித் தரவேண்டும். ஒரு கட்டத்தில் 1920க்கு 1080 என்ற அளவில் 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 24 கட்டங்கள் எனின், ஏறத்தாழ ஐந்து கோடிப் புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் அவர் எழுதிய சில வரிகளே விதி.

அவ்வரிகளை எழுதக் கண்ணும் வேண்டும், கணக்கும் வேண்டும். கணிப்பொறியில் பதியும் எண் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதில்லை. 255இல் பாதியாகிய எண், திரையில் முழு ஒளியின் ஏறத்தாழ 22 விழுக்காட்டையே தரும். இதனை அறியாது இரு வண்ணங்களின் சராசரியைக் கண்டால், அவை கலக்குமிடம் இருண்டு போகும்.

மூடப்பட்ட வாயில்கள்

விளைவுகளை எளிதாக எழுதுவதற்கென அடோபி நிறுவனம் 'பிக்சல் பெண்டர்' என்னும் தனிமொழியை உருவாக்கியது. 2008இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் அதனை ஏற்றது. குறைந்த வரிகளில் எழுதலாம். எழுதியதை உடனே பார்க்கலாம். ஆர்வலர் பலர் எழுதினர். பின்னர் வந்த ஒரு பதிப்பில் அம்மொழிக்கான ஆதரவு நீக்கப்பட்டது. எழுதியவர் இருந்தார், எழுத்தும் இருந்தது, அதனைப் படிக்கும் எந்திரமே இல்லாமற்போயிற்று. அவ்விளைவுகளை நம்பித் தொகுத்த பழைய கோப்புகளைப் புதிய பதிப்பில் திறந்தால், விளைவு இருந்த இடம் வெறுமையாக நின்றது.

இதற்கு எதிரான முயற்சி ஒன்றும் உண்டு. இலண்டனின் ஃபவுண்டரி நிறுவனத்தில் 2004இல் 'ஓப்பன்எஃப்எக்ஸ்' என்னும் பொது இணைப்பு முறை வகுக்கப்பட்டது. அதன்படி எழுதிய விளைவு நியூக், டாவின்சி ரிசால்வ், வேகாஸ் முதலிய வெவ்வேறு நிறுவனங்களின் மென்பொருள்களில் பொருந்தும். ஒரு மென்பொருள் மறைந்தாலும் மற்றொன்றில் விளைவு வாழும்.

இங்கு ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். விளைவுகளை விற்று வாழ்வோர் பலர். தம் நிரலை மறைத்து வைப்பது அவர்களுடைய பிழைப்பு. அதனைக் குறை கூற இயலாது. பொதுவாக இருக்க வேண்டியது படைப்பு ஒவ்வொன்றும் என்பதில்லை. படைப்புகள் வந்து பொருந்தும் இலக்கணமே பொதுவாக இருக்க வேண்டும். வெண்பாவின் தளை எவருக்கும் உடைமையன்று, வெண்பாவோ பாடியவனுடையது. போர்ட்டரும் டஃபும், பெர்லினும், ஓப்பன்எஃப்எக்ஸை வகுத்தோரும் அளித்தவை தளையின் இனத்தைச் சார்ந்தவை. பிக்சல் பெண்டரில் எழுதியவர்களுக்கு நேர்ந்ததோ, யாப்பையே உரிமையாளர் திரும்பப் பெற்றுக்கொண்ட நிலை.

எழுத்தாளர்களும் இன்று எழுதுவது மென்பொருளில், சேமிப்பதும் அதிலேயே. தம் படைப்பு எந்த இலக்கணத்தில் பதிந்திருக்கிறது, அவ்விலக்கணம் எவர் கையில் இருக்கிறது என்று காட்சிக் கலைஞர்கள் பட்டறிந்து கேட்கத் தொடங்கிய வினா, பத்தாண்டுப் படைப்புகளைத் தொகுத்துப் பாதுகாக்க எண்ணும் இலக்கிய வட்டம் ஒவ்வொன்றுக்கும் உரியதே.