மதம் மாறும் உரிமையும் 1950 ஆணையின் மூன்றாம் பத்தியும்

உதகை நகராட்சிக்கு உட்பட்ட காந்தலில் காசி விசுவநாதர் கோயிலும் உண்டு, குருசடித் திருத்தலமும் உண்டு. தலித் குடும்பங்கள் நெருங்கி வாழும் இப்பகுதியில் ஒரே வீட்டில் அண்ணன் கோயிலுக்கும் தங்கை குருசடிக்கும் போவதில் வியப்பில்லை. சாதிச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் அந்த வீடு இரண்டாகப் பிரிகிறது. அண்ணன் பட்டியல் சாதியினர். ஞானஸ்நானம் பெற்ற தங்கை பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். குடியிருக்கும் தெரு மாறவில்லை, ஊரார் அவர்களைப் பார்க்கும் பார்வையும் மாறவில்லை. சட்டத்தின் முன் மட்டும் தங்கை வேறொருவர் ஆகிவிட்டார்.

இப்பிரிவினையைச் செய்வது, 1950 ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த அரசியலமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி. அரசியலமைப்பின் 341ஆம் உறுப்பின்கீழ் பிறந்த அந்த ஆணை, இந்து அல்லாத மதத்தைக் கைக்கொள்ளும் எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்றது. தொடக்கத்தில் பஞ்சாபின் நான்கு சீக்கியச் சாதிகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1956இல் சீக்கியர் அனைவருக்கும், 1990இல் பௌத்தர்களுக்கும் அது விரிந்தது. கிறித்தவத்தையோ இசுலாத்தையோ ஏற்ற தலித்துகள் இன்றும் வெளியே நிற்கின்றனர்.

அதே அரசியலமைப்பின் 25ஆம் உறுப்பு மனச்சான்றின் சுதந்திரத்தையும், விரும்பிய மதத்தைக் கைக்கொள்ளும் உரிமையையும் எல்லோருக்கும் அளிக்கிறது. மூன்றாம் பத்தி அதை நேரடியாகத் தடுக்கவில்லை. யாரையும் சிறைக்கு அனுப்பவில்லை. ஒரு விலையை மட்டும் வைக்கிறது: கல்வி, வேலைவாய்ப்பில் பட்டியல் சாதி ஒதுக்கீடு, தனித்தொகுதியில் போட்டியிடும் உரிமை, 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பு ஆகிய அனைத்தும் போகும். உரிமையைப் பறிக்காமலே அதைப் பயன்படுத்த முடியாதபடி செய்யும் சட்டங்கள் உண்டு. அவ்வகைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நாங்கள் அறியோம்.

இந்த விலை எல்லோருக்கும் பொதுவானதும் அன்று. நீலகிரியிலேயே ஒப்பிடலாம். தோடர்களில் கிறித்தவர் உண்டு. அவர்களுடைய பழங்குடித் தகுதி போகவில்லை. ஏனெனில் பழங்குடிகளுக்கான 1950 ஆணையில் மதம் பற்றிய பத்தியே கிடையாது. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் கிறித்தவ நாடார் இடம்பெற்றுள்ளனர். மதத்தை மாற்றினால் தகுதியை இழப்பவர் தலித் மட்டுமே. 2011 கணக்கெடுப்பின்படி நீலகிரி மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தத்தின்படி தாயகம் திரும்பித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களிலும் தலித்துகள் திரளாக உள்ளனர். ஆகவே இம்மாவட்டத்தில் இது ஏட்டுச் சிக்கல் அன்று.

மூன்றாம் பத்திக்கு அரசு சொல்லும் காரணம், தீண்டாமை இந்து சமயத்துக்கே உரியது என்பது. சென்னையில் சாலையோரம் செருப்புத் தைத்துவந்த சூசை என்னும் ஆதிதிராவிடக் கிறித்தவர், இந்துவாக உள்ள தொழிலாளிக்குத் தரப்படும் இலவசக் கடைப்பெட்டி தமக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தைக் கேட்டார். 1985இல் வந்த தீர்ப்பு, மதம் மாறிய பின்னரும் சாதி தொடர்கிறது என்று காட்டுவது போதாது, முந்தைய மதத்தில் இருந்த அதே கடுமையுடன் இழிவு தொடர்கிறது என்பதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. ஒரே சாலையோரத்தில் ஒரே தொழிலைச் செய்தவர்களிடையே அந்தக் கடுமையை எதைக் கொண்டு அளப்பது?

சான்று இல்லாமல் இல்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறித்தவர் பிணங்களைப் பிரிக்கும் சுவர் எழுந்தது. அப்போதைய விழுப்புரம் மாவட்டத்தின் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப்பங்கு கேட்டதைத் தொடர்ந்து 2008 மார்ச்சில் மோதல் மூண்டு, காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தனர். தமிழ்நாடு அரசின் கல்வி உதவித்தொகை அறிவிப்புகளிலேயே 'கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்ற பிரிவு உண்டு. சாதி போய்விட்டது என்று ஒரு கோப்பிலும் போகவில்லை என்று இன்னொரு கோப்பிலும் எழுதுகிறது அரசு.

நடைமுறையில் எழும் கேள்வி வேறு: ஒருவருடைய மதம் எது என்று யார் முடிவு செய்வது? பக்தியை அளக்கக் கருவி இல்லாததால் அதிகாரிகள் அடையாளங்களைத் தேடுகின்றனர். இராமநாதபுரத்தைச் சேர்ந்த பட்டியல் சாதிப் பெண் மருத்துவர் ஒருவர் கிறித்தவரை மணந்திருந்தார். அவருடைய மருத்துவமனையில் சிலுவை தொங்கியதைக் கண்டு அவரது சான்றிதழ் ரத்து செய்யப்பட்டது. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மீட்டுக்கொடுத்தது. கேரளத்தின் தேவிகுளம் தனித்தொகுதியில் வென்ற ஆ. ராஜாவின் வழக்கு இதைவிட நீண்டது. தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர் கிறித்தவர் என்று சொல்வதற்குத் தேவாலயப் பதிவேடும் திருமணப் புகைப்படங்களும் அலசப்பட்டன. 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றம் தேர்தலைச் செல்லாது என்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இடைப்பட்ட காலத்தில் ஒரு மக்கள் பிரதிநிதியின் கல்யாண ஆல்பம் நீதிமன்ற ஆவணமாகக் கிடந்தது.

மறுபக்கம், புதுச்சேரியில் எழுத்தர் பணிக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்ட பெண்ணின் வழக்கில் 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் கடுமையாகப் பேசியது. ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலயம் சென்றுவருபவர், நம்பிக்கை இல்லாமல் வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பின்மீது செய்யும் மோசடி என்றது. மோசடி என்ற சொல்லைத் தலித்தின் பக்கம் வைப்பதற்கு முன், இரட்டை வாழ்வை உண்டாக்கிய சட்டத்தை ஒருமுறை பார்த்திருக்கலாம். மதத்தைத் தேர்வதும், அத்தேர்வை வெளியில் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் தனிமனித உரிமையே என்று 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பு விளக்கியுள்ளது. சான்றிதழ் அலுவலகத்தில் சொல்லாமல் விடும் உரிமை எவருக்கும் இல்லை. திரும்பி வருவதும் எளிதன்று: 2015இல் கே.பி. மனு வழக்கில் உச்ச நீதிமன்றம், மூதாதையரின் சாதிக்குச் சான்று, மறுமாற்றத்துக்குச் சான்று, அச்சாதியினரின் ஏற்பு ஆகிய மூன்றையும் கேட்டது.

வன்கொடுமைச் சட்டத்தின் கதை எங்களை மிகவும் உறுத்துவது. 2025 ஏப்ரலில் ஆந்திர உயர் நீதிமன்றம், புகார் கொடுத்தவர் போதகராக இருந்ததால் அவருக்கு அச்சட்டம் பொருந்தாது என்று வழக்கை ரத்து செய்தது. அடிப்பவன் சாதியைப் பார்த்து அடிக்கிறான். ஞானஸ்நானச் சான்றைக் கேட்டுவிட்டு அடிப்பதில்லை.

இங்கே நம் தரப்பிலேயே நியாயமான அச்சம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு உள்ளது 18 விழுக்காடு. அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 விழுக்காடு. திருச்சபைப் பள்ளிகளில் படித்து முன்னேறியவர்கள் வந்து சேர்ந்தால் தூய்மைப் பணியாளரின் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வியைப் பிற்போக்கு என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒதுக்கீடு பங்கிட வேண்டிய பொருள். வன்கொடுமையிலிருந்து பாதுகாப்பு அப்படியன்று. ஒருவருக்குக் கிடைப்பதால் இன்னொருவருக்குக் குறையாது. அதையாவது உடனே விரிக்கலாம், ஒதுக்கீட்டைத் தனி விகிதத்துடன் பேசலாம் என்பதே எங்கள் நிலை. தகுதியை மதத்திலிருந்து விடுவிக்கும்படி இரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று, கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடருக்கும் அத்தகுதியை வழங்கக் கோரித் தீர்மானம் இயற்றியது. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் புதிய ஆணையம் அமைத்து, அதன் கெடுவை நீட்டித்தது.

நீலகிரிக்கு இவ்விவாதத்தில் பழைய உறவு உண்டு. இம்மலையில் வளர்ந்து, 1891இல் இங்கே திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டிய அயோத்திதாசர், 1898இல் பௌத்தம் தழுவினார். அவர் 1950க்குப் பின் வாழ்ந்திருந்தால், அந்தத் தேர்வுக்காக 1990 வரை பட்டியலுக்கு வெளியே நின்றிருப்பார். 1956 அக்டோபரில் நாகபுரியில் அம்பேத்கருடன் பௌத்தம் ஏற்றவர்கள் 34 ஆண்டுகள் அப்படித்தான் காத்திருந்தனர்.

மதமாற்றத்தையே குற்றமாக்கும் முயற்சியையும் தமிழ்நாடு கண்டது. 2002 அக்டோபரில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம், மாற்றப்படுபவர் பெண்ணாகவோ பட்டியல் இனத்தவராகவோ இருந்தால் தண்டனையைக் கூட்டியது. அவர்களுக்குச் சொந்தப் புத்தி இல்லை என்பது அதன் உட்பொருள். 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது. மூன்றாம் பத்தியோ சத்தமில்லாமல் நீடிக்கிறது.

சான்றிதழ் தொடர்பாக விசாரணைக்கு அழைக்கப்படுவோருக்கு ஒரு குறிப்பு. பட்டியல் சாதிச் சான்றின் மெய்த்தன்மையை ஆராயும் பொறுப்பு மாவட்ட விழிகண் குழுவுடையது. எழுத்து வடிவ அறிவிப்பும், விசாரணை அறிக்கையின் நகலும், பதிலளிக்க வாய்ப்பும் தராமல் ரத்து செய்ய இயலாது. வீட்டிலோ கடையிலோ தொங்கும் படத்தைப் பற்றி அலுவலர் வாய்மொழியாகக் கேட்டால், கேள்வியை எழுத்தில் தரும்படி கேளுங்கள். மணம் புரிந்தவர் கிறித்தவர் என்பதால் மட்டும் நீங்கள் கிறித்தவர் ஆவதில்லை. அதைச் சொல்ல 2021 தீர்ப்பின் நகலைக் கையோடு கொண்டுசெல்லுங்கள்.