ஏரியின்மேல் எழுந்த நகரம்

பூகம்பம் பிறந்த இடத்திற்கு அண்மையிலுள்ள ஊரே மிகுந்த கேடுறும் என்பது நாம் பொதுவாகக் கொண்டுள்ள எண்ணம். 1985-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி காலை மெக்ஸிகோ தேசத்தில் நிகழ்ந்தது இவ்வெண்ணத்தைப் பொய்ப்பித்து விட்டது. பசிபிக் கடலோரத்தில் 8 என்னும் அளவுடைய பூகம்பம் தோன்றிற்று. கரையோர ஊர்களும் சேதமுற்றன. ஆயினும் பேரழிவு நேர்ந்தது சுமார் 350 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த தலைநகரில்தான். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், அரசாங்கம் சொன்ன தொகையும் மக்கள் சொன்ன தொகையும் ஒத்துவரவேயில்லை.

காரணம் அறிய நாம் பழங்காலத்துக்குச் செல்ல வேண்டும். 1325-ல் என்று மரபு கூறும். தெஸ்கொக்கோ ஏரியின் நடுவே ஒரு தீவில் அஸ்தெக்கு மக்கள் தங்கள் தலைநகரை அமைத்தனர். 1521-ல் ஸ்பானியர் அதனைக் கைப்பற்றி, இடித்து, அவ்விடத்திலேயே தம் நகரைக் கட்டினர். அடிக்கடி வெள்ளம் புகவே, 1607-ல் மலையைக் குடைந்து நீரை வெளியேற்றத் தலைப்பட்டனர். 1900-ல் பெருங்கால்வாய் திறக்கப்பட்ட காலம்வரை அம்முயற்சி நீண்டது. ஏரி சுருங்கிற்று, அடியிலிருந்த களிமண்ணோ அங்கேயே கிடந்தது. பல பத்து மீட்டர் ஆழமுள்ள அம்மண்ணில், உலர்ந்த மண்ணின் எடையைப்போல் மும்மடங்கு, நான்மடங்கு நீர் தங்கியிருக்கும் இடங்களும் உண்டு.

கற்பாறையில் விரைந்து வரும் அதிர்வலை இத்தகைய மண்ணுள் புகுந்ததும் வேகந் தளர்கிறது. வேகந் தளர, ஆட்டம் பெருகுகிறது. மேலும் அவ்வலை பாறைக்கும் தரைக்கும் இடையே சிக்கி மேலும் கீழுமாக உழல்கிறது. மண் எவ்வளவு ஆழமோ, எவ்வளவு நெகிழ்வோ, அதற்கேற்ற தாளம் அதற்குண்டு. ஏரிப்பகுதியில் பலத்த சேதமுற்ற இடங்களில் அத்தாளம் ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 2 விநாடி. அன்று எரிமலைப் பாறைமீதிருந்த சர்வகலாசாலையில் கருவி காட்டிய அதிர்ச்சி, புவியீர்ப்பின் 100-ல் 3½ பங்கு. ஏரிக் களிமண்ணில் 17 பங்கு. கணக்குப் புத்தகத்தோடு காலங்கழிக்கும் நம் போன்ற கிராணிமாருக்கு இவ்விரு எண்களே போதும்.

ஊஞ்சலைத் தள்ளுவோர் அதன் போக்கறிந்து தள்ளினால் அது உயர உயரப் போகுமன்றோ? 6 முதல் 15 மாடி வரையுள்ள கட்டடங்கள் பலவற்றுக்கு அக்கதியே நேர்ந்தது. அவை மண்ணின் தாளத்தோடு ஒத்தாடி நொறுங்கின. அருகே தாழ்ந்த பழங்கட்டடங்கள் பல நின்றன. மண்ணை நன்கு ஆராய்ந்து 1956-ல் கட்டி முடிக்கப்பட்ட 44 மாடி லத்தீன் அமெரிக்க கோபுரமும் நின்றது.

ஸான் அந்தோனியோ அபாத் வீதியில் துணி தைக்கும் தொழிற்கூடங்கள் பல. கனத்த துணிச் சுருள்களும் இயந்திரங்களும் ஏற்றப்பட்ட மாடிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வீழ, தையற்பெண்கள் நூற்றுக்கணக்கில் மடிந்தனர். முதலாளிகள் சிலர் ஆட்களை விடுத்து இயந்திரங்களை மீட்பதில் முனைந்தனர் என்று உயிர்தப்பிய பெண்கள் குற்றஞ்சாட்டினர். அப்பெண்கள் செப்டம்பர் 19 என்ற பெயராலேயே தொழிற்சங்கம் ஒன்று கண்டனர்.

இக்கேடு அறியாமையால் மட்டும் விளைந்ததென்று நாம் கருதவில்லை. 1957-ம் ஆண்டுப் பூகம்பத்திலேயே அந்நகரின் சுதந்திர தேவதைச் சிலை தூணிலிருந்து வீழ்ந்திருந்தது. 1976-ம் ஆண்டுக் கட்டட விதி நகரை மலைப்பகுதி, இடைப்பகுதி, ஏரிப்பகுதி என முன்னரே பிரித்திருந்தது. பகுத்தது சரியே, ஏரிப்பகுதிக்கு வைத்த எண்தான் போதவில்லை. பக்கவாட்டு விசைக்கு அடிப்படையான 0.24 என்னும் எண்ணை, இத்துணை உயிர்கள் போன பின்னர், 0.40 ஆக்கினர். 2017-ல் அதே செப்டம்பர் 19-ல், 7.1 அளவில், அண்மையில் பிறந்த பூகம்பமோ விரைந்த தாளத்தில் வந்தது. அம்முறை களிமண் ஆழங் குறைந்த மேற்குப் பகுதியில் உயரங் குறைந்த வீடுகளே மிகுதியும் இடிந்தன.

தூரத்துப் பூகம்பம் நமக்கும் புதிதன்று. 2005 மார்ச்சு 28-ல் சுமாத்திராவை அடுத்த நியாஸ் தீவருகே நிலம் அதிர்ந்தபோது, கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் மாடிவீட்டார் தெருவுக்கு ஓடி வந்தனர். சிங்கப்பூரின் காலாங் ஆற்றுப்புறத்திலும் அடியில் கிடப்பது நெகிழ்ந்த கடற்களிமண்ணே. 2015 முதல் அந்நகரில் 20 மீட்டருக்கு மேற்பட்டு எழும் கட்டடங்களுக்குப் பூகம்பக் கணக்கு வேண்டுமா என்பதை, அடிமண்ணைச் சோதித்தே முடிவு செய்கின்றனர்.