கோயமுத்தூருக்கு வந்த கோப்பை

கிரிக்கெட் ஸ்கோரை மனப்பாடமா ஒப்பிக்கிற நம்ம திருப்பூர்க்காரங்ககிட்ட கேட்டுப் பாருங்க மக்களே: சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, கோவை நேரு ஸ்டேடியத்துல ஒரு ஃபுட்பால் டீம் ஐ-லீக் கோப்பையை ஜெயிச்சுதே, தெரியுமான்னு. பாதிப் பேரு முழிப்பாங்க!

சென்னை சிட்டி எஃப்.சி. பேருதான் சென்னை, ஆடின மைதானம் கோவை. 2017-18ல் 10 அணிகளில் எட்டாவது இடம். அடுத்த சீசனில் சிங்கப்பூர் பயிற்சியாளர் அக்பர் நவாஸ், 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி... கதையே மாறிப்போச்சு. 2019 மார்ச் 9, கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் முதல் கோல் போட்டும், 3-1ன்னு ஜெயிச்சாங்க. இவங்க 43 புள்ளி, ஈஸ்ட் பெங்கால் 42. ஒரே புள்ளி!

அதே அக்டோபரில் ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக்னு முடிவாச்சு. ஐ-லீக் மவுசு இறங்கிருச்சு. ஆனாலும் நம்ம கொங்கு மண்ணுல ஆடி ஜெயிச்ச கோப்பைங்க அது. மறந்துட வேணாமுங்க.